ஐயர் வராத ஞாயிறு: சின்னச் சபையில் ஆராதனையும் செய்தியும் நடத்துவது எப்படி?

சிறுசபை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபை. பெயர்ப் பட்டியலில் 34 குடும்பம். பாதிப்பேர் சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்டதால் ஞாயிறு காலை 45 பேர் வந்தாலே அதிகம். சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதியில்) 7 சபைகள், ஐயர், அதாவது குருவானவர், ஒருவர்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு வருவார். உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) இடம் காலியாக இருக்கிறது. மற்ற ஞாயிறுகளை நடத்தும் பொறுப்பை ஐயரும் கமிட்டியும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தெளிவாகத் தெரியவேண்டியவை:

ஆராதனை முறைமையில் ஐயர் சொல்லும் பகுதிகளில் எதை நான் சொல்லலாம், எதை விடவேண்டும்?

இறையியல் படிக்காதவன் செய்தியை எப்படித் தயாரிப்பது? வருகிற வாரத்தின் சுவிசேஷப் பாடம் மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமை.

ஆராதனை இரண்டு மணி நேரம் ஓடுகிறது. எங்கே குறைப்பது?

கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை. பாட்டு இரண்டாம் சரணத்திலேயே இறங்கிப்போய் நின்றுவிடுகிறது. மைக் போட்டால் ஊளையிடுகிறது.

சபையில் பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) வேதாகமம்தான். பாமாலை (மேல்நாட்டு ராகப் பாடல்கள்), கீர்த்தனை (நம் ராகப் பாடல்கள்) இரண்டும் பாடுவோம்.

தேரிமணல் எழுதியது:

தம்பி, முதல் கேள்வி மூன்றே இடத்தைப் பற்றியது. குழம்ப ஒன்றுமில்லை.

பாவ அறிக்கைக்குப் பிறகு வரும் பாவ மன்னிப்புக் கூறுதல் குருவானவருக்கு உரியது. அவர் சபையைப் பார்த்து "உங்களை" என்று சொல்லும் வாக்கியம் அது. நீங்கள் அதை அப்படியே வாசிக்கக்கூடாது. அந்த இடத்தை வெறுமையாகவும் விடக்கூடாது, ஏனென்றால் அறிக்கை செய்துவிட்டு மன்னிப்பின் வாக்கைக் கேட்காமல் சபை அடுத்த பகுதிக்குப் போவது முறையல்ல. முழங்காலில் இருந்தபடியே 1 யோவான் 1:9 வாசித்துவிட்டு, "எங்களை மன்னித்தருளும்" என்று ஒரு சிறு ஜெபம் செய்தால் போதும். "உங்களை" என்பது "எங்களை" ஆகிவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவே.

முடிவிலும் அதேதான். கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவது ஐயர். நீங்கள் 2 கொரிந்தியர் 13:14-ஐ "நம் அனைவரோடுங்கூட இருப்பதாக" என்று முடித்து, கை தூக்காமல், சபையோடு சேர்ந்தே சொல்லலாம். பல சபைகளில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் வழக்கமும் இருக்கிறது.

மூன்றாவது திருவிருந்து. அதில் பேச்சே இல்லை. ஐயர் திடீரென்று வரமுடியாமல் போன முதல் ஞாயிற்றில் "அப்பமும் ரசமும் தயாராகத்தானே இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். எடுத்து மூடிவைத்துவிட்டு காலை ஆராதனை முறைமையை நடத்துங்கள்.

மற்றதெல்லாம் உங்கள் கையில்தான்: முகவுரை வசனம், சங்கீதம், பாடங்கள், அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணம், அன்றைய நாளுக்குரிய ஜெபம், மன்றாட்டு, செய்தி. நிற்குமிடம் வாசிப்பு மேசை. பிரசங்க பீடத்தில் ஏறலாமா என்பது ஒவ்வொரு சபையிலும் ஒரு மாதிரி. ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கமிட்டியில் பின்னால் பேச்சு வராது.

நேரத்துக்கு வருவோம். ஆராதனை முறைமை அச்சில் இருக்கிறபடியே நடந்தால் ஒன்றேகால் மணிக்கு மேல் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம்பப் பாட்டு 4 நிமிடம், முகவுரையும் பாவ அறிக்கையும் 5, சங்கீதம் 4, மூன்று பாடங்களும் சேர்ந்து 9, விசுவாசப் பிரமாணம் 2, செய்திக்கு முந்திய பாட்டு 4, செய்தி 15, ஜெபங்கள் 7, அறிவிப்பு 4, காணிக்கைப் பாட்டு 5, கடைசி ஜெபமும் பாட்டும் 5. மொத்தம் 64 நிமிடம். எழுந்து உட்காரவும் பக்கம் புரட்டவும் இன்னொரு 10 நிமிடம் சேருங்கள்.

அப்படியானால் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? முறைமையில் இல்லாதவற்றிலிருந்துதான். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நடத்துகிறவர் ஒரு குட்டிப் பிரசங்கம் செய்கிறார். "இப்போது நாம் சங்கீதத்தை வாசிக்கப் போகிறோம், சங்கீதம் என்பது..." என்று தொடங்கினால் அங்கே 2 நிமிடம் போச்சு. ஆரம்ப ஜெபம், பாட்டுக்கு முன் ஜெபம், செய்திக்கு முன் ஜெபம், செய்திக்குப் பின் ஜெபம் என்று நான்கு பேர் ஜெபித்தால், நான்கு பேரும் அதே தேசத்துக்காகவும் அதே நோயாளிகளுக்காகவும் ஜெபிப்பார்கள். மன்றாட்டு ஒரே இடத்தில் இருக்கட்டும். செய்திக்கு முன்னால் இரண்டு வாக்கியம் போதும். சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்கு கெபி (வீட்டுக் குழு) ஜெபக் கூட்டம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், ஆள் சேரட்டும் என்று காத்திருப்பது. 8.30 ஆராதனையை 8.50க்குத் தொடங்கினால் அடுத்த வாரம் எல்லாரும் 8.50க்குத்தான் வருவார்கள். எட்டுப் பேர் இருந்தாலும் 8.30க்குப் பாட்டைத் தொடங்குங்கள்.

ஐயர் இல்லாத ஆராதனை இரண்டாம் தரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உண்டாக்கிய தாவீது சுந்தரானந்தம் ஓர் உபதேசியார்தான் என்று அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வசனவாசி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு. பொதுவாகச் சொன்னால் பயன்படாது, உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமையே வாசிக்கத் தொடங்குங்கள். விளக்கவுரை, யூடியூப், வாட்ஸ்அப் எதையும் புதன்வரை திறக்கவேண்டாம். மத்தேயு 20-ஐ வாசிக்கும்போது 20:1-ல் தொடங்காதீர்கள். அதிகாரப் பிரிவு இங்கே கதையை நடுவில் வெட்டுகிறது. 19:27-ல் பேதுரு கேட்கிறார்: எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்? அதற்குச் சொல்லும் பதிலின் ஒரு பகுதிதான் இந்த உவமை. 19:30-ல் முந்தினோர் பிந்தினோர் என்று சொல்லி, அதையே 20:16-ல் திருப்பிச் சொல்லி முடிக்கிறார். ஆக இது கூலிக்காரரைப் பற்றிய பொதுப்பாடம் அல்ல. முந்தி வந்த சீஷருக்குச் சொன்ன கதை. சபையில் முந்தி வந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, பாடத்தில் கண்ணுக்குத் தெரிகிற விவரங்களைத் தாளில் எழுதுங்கள். காலையில் ஆள் எடுக்கிறார், பேசிய கூலி நாளுக்கு ஒரு பணம். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் காலை 9, நண்பகல் 12, மாலை 3, மாலை 5. கடைசியில் வந்தவர்கள் வேலை செய்தது ஒரு மணி நேரம். "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்று கேட்டதற்கு அவர்கள் சொல்வது 7-ஆம் வசனத்தில் இருக்கிறது: "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." இவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிற பிரசங்கங்கள் ஏராளம். பாடத்தில் அது இல்லை. காலையில் முக்கு ரோட்டில் தூக்குவாளியோடு நின்று, மேஸ்திரி கூப்பிடாமல் விட்ட ஆட்கள் அவர்கள். அன்றன்று சாயங்காலமே கூலி கொடுப்பது நியாயப்பிரமாணக் கட்டளை: லேவியராகமம் 19:13, உபாகமம் 24:15.

இப்போது கதை திரும்புகிற இடத்தைத் தேடுங்கள். இங்கே அது 8-ஆம் வசனம். எஜமான் காரியக்காரனிடம், பிந்தி வந்தவர்கள் தொடங்கி முந்தி வந்தவர்கள் வரைக்கும் கூலி கொடுக்கச் சொல்கிறார். வரிசையை மாற்றிப்போட்டுப் பாருங்கள். காலையில் வந்தவனுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய ஒரு பணத்தை மடியில் முடிந்துகொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். சண்டையே வந்திருக்காது. அவன் நின்று பார்க்கும்படி எஜமானே வரிசையைத் திருப்பினார். ஏன்? செய்தியின் மையம் இந்தக் கேள்விதான். அவர்கள் முறுமுறுத்ததையும் கவனியுங்கள். 12-ஆம் வசனத்தில் கூலி குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. "எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்பதுதான் புகார்.

இவ்வளவும் ஆனபிறகு ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள், செய்தி முழுவதும் அதைச் சொல்லவேண்டும். உதாரணமாக: "தேவன் தருவதைப் பக்கத்தில் நிற்கிறவனுடைய கையைப் பார்த்து அளந்தால், பேசிய கூலிகூடக் குறைவாகத் தெரியும்." அந்த வாக்கியம் வராதவரை பிரசங்கம் எழுதத் தொடங்கவேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரிவரை வரவில்லையென்றால் பாடத்தை இன்னும் இரண்டுமுறை சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலும் நீங்கள் இரண்டு வாக்கியத்தை ஒன்றாகத் திணிக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

அளவு: நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல். 12 நிமிடத்துக்கு 1,100 சொல் போதும், கையெழுத்தில் நாலைந்து பக்கம். பேதுருவின் கேள்வியோடு தொடங்க 2 நிமிடம், கதையை வசனம் வசனமாக நடத்திப்போக 6, நமக்கு என்ன என்பதற்கு 4. ஒத்துவாக்கியம் (அதே கருத்துள்ள வேறு வசனம்) இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் சபை புரட்டி எடுக்க அரை நிமிடம் ஆகும். ஆறு ஒத்துவாக்கியம் என்றால் 3 நிமிடம் காகிதச் சத்தம்தான் கேட்கும்.

இந்தப் பாடத்தில் மூன்று குழிகள் உண்டு. 16-ஆம் வசனத்தின் பின்பாதி, "அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சிலர்". இது பழைய திருப்புதலில் உண்டு, பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இல்லை. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அது காணப்படாததே காரணம். அதன்மேல் செய்தியைக் கட்டினால், போனில் வேறு மொழிபெயர்ப்பு வைத்திருக்கும் பையன் குழம்புவான். அதே வாசகம் மத்தேயு 22:14-ல் எல்லா மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது, அங்கே வரும்போது பேசிக்கொள்ளலாம். இரண்டாவது, இந்தப் பாடத்தை வைத்து உழைப்புக்கேற்ற ஊதியம் தேவையில்லை என்று பேசிவிடாதீர்கள். எஜமான் பேசிய கூலியில் ஒரு காசு குறைக்கவில்லை. மூன்றாவது, சின்னச் சபைக்கே உரிய ஆபத்து: 40 பேரில் "பரம்பரைக் குடும்பம்", "புதுசா வந்தவங்க" என்று நீங்கள் பொதுவாகச் சொன்னாலும் யாரைச் சொல்கிறீர்கள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பெயர் சொல்லாமல் குத்துவது பெயர் சொல்லிக் குத்துவதைவிட மோசம். ஒப்பிட்டுப் பார்க்கிற இந்த வழக்கத்தை "நாம்" என்று பேசுங்கள்.

முடிவை எப்படி வைப்பது? உவமை ஒரு கேள்வியில் நிற்கிறது: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" அந்த வேலையாள் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை. நீங்களும் பதில் சொல்லவேண்டாம். கேள்வியை வாசித்து, சிறிது நேரம் நிறுத்தி, ஜெபியுங்கள்.

கடலோரம் எழுதியது:

வசனவாசி ஐயா சொல்வது வாரம் முழுக்க நேரம் இருக்கிறவர்களுக்குச் சரி. அறுப்புக் காலத்தில், இரட்டை ஷிப்ட் வேலையில் இருக்கிறவருக்கு? அச்சிட்ட நல்ல பிரசங்கம் ஒன்றை எடுத்து வாசிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. 1547-லேயே இங்கிலாந்து திருச்சபை, பிரசங்கிக்க அனுமதியில்லாத குருமார் ஆராதனையில் வாசிப்பதற்காகப் பிரசங்கத் தொகுப்பை அச்சிட்டுக் கொடுத்தது. நம்முடைய ஆராதனை மரபில் ஒரு பகுதி வந்ததே அங்கிருந்துதான். இரண்டு நிபந்தனை போதும்: எங்கிருந்து எடுத்தது என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள், வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசித்து, நீளமான வாக்கியங்களை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். எழுத்துக்கு எழுதியது வாய்க்கு வராது.

வசனவாசி எழுதியது:

அச்சிட்டதை வாசிப்பதற்கு மறுப்பில்லை. பெயர் தெரியாத வாட்ஸ்அப் செய்தியை வாசிப்பதற்குத்தான் மறுப்பு. இதே பாடத்துக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மத்தேயு 19:24-ல் ஒட்டகமும் ஊசியின் காதும். எருசலேமில் "ஊசியின் காது" என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டு நுழையும் என்று ஒரு விளக்கம் வருடாவருடம் சுற்றுகிறது. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. அதுமட்டுமா, சீஷர்கள் "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்று திகைப்பதும், "மனுஷரால் இது கூடாததுதான்" என்று இயேசு சொல்வதும் அந்த வாசலால் அர்த்தமில்லாமல் போய்விடுகிறது. முழங்காலிட்டால் நுழையலாம் என்றால் கூடுமே! அடுத்த வசனத்தையே கெடுக்கிற விளக்கத்தை நம்பாதீர்கள். வரலாறு தெரியாதவர்கூட இந்த ஒரு சோதனையைச் செய்துவிடலாம்.

நாலுகட்டை எழுதியது:

பாட்டு இறங்கிப்போவதற்கு முதல் காரணம், தொடங்குகிறவர் தன் குரலுக்கு வசதியான சுருதியில் தொடங்குவது. ஆண் ஒருவர் தாழ எடுத்தால் பெண்கள் முனகுவார்கள், பெண்கள் உயர எடுத்தால் ஆண்கள் சரணத்தில் வாயை மூடுவார்கள். கருவி இல்லாத சபையில் ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவும் செய்யும்.

பாட்டு எவ்வளவு கீழே போகிறது, எவ்வளவு மேலே போகிறது என்று பார்த்துச் சுருதியைத் தீர்மானிக்கவேண்டும். சுருதியைக் கட்டையில் சொல்வோம்: ஒரு கட்டை கீபோர்டில் C, இரண்டு D, நாலு F, ஐந்து G. ஆதார ஷட்ஜத்தில் (ஸ) தொடங்கி மேல் ஷட்ஜம் வரை போகிற பாட்டென்றால் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் வையுங்கள். பல கீர்த்தனைகள் கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) வரை இறங்கி, மேலே மத்திம ஸ்தாயிப் பஞ்சமம் (நடு ஸ்தாயி ப) வரை போகும். அவற்றுக்கு நாலு கட்டை, மிஞ்சினால் ஐந்து. இந்தக் கணக்கில் வைத்தால் ஆணும் பெண்ணும் அவரவர் ஸ்தாயியில் திணறாமல் பாடலாம். போனில் இலவசச் சுருதிப்பெட்டி ஆப் இருக்கிறது. அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டு முடியும்வரை ஓடவிடுங்கள். கீபோர்டு வாசிப்பவர் இல்லாத குறையில் பாதி தீரும். எந்தப் பாட்டுக்கு எத்தனை கட்டை என்று பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டால் அடுத்தமுறை தேடவேண்டாம்.

பாட்டு இழுப்பதற்குக் காரணம் வேறு. தாளம் பிடிக்க ஆள் இல்லை. ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தட்டினாலே வேகம் நிற்கும்.

ஏழு சரணக் கீர்த்தனையைப் பல்லவி திருப்பித் திருப்பி முழுவதும் பாடினால் 10 நிமிடம் ஓடும். மூன்று சரணம் தெரிந்தெடுங்கள், ஆனால் முதல் மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். சில கீர்த்தனைகளில் கதை சரணத்துக்குச் சரணம் தொடரும். பிறப்பும் பாடும் பாடிவிட்டு உயிர்த்தெழுதலுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன நியாயம்? பாமாலையில் வேறு வசதி உண்டு: சபைக்கு ராகம் தெரியாவிட்டால், அதே மீட்டரில் (அடிகளின் அசைக் கணக்கில்) உள்ள தெரிந்த ராகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் சரணத்தையும் கடைசிச் சரணத்தையும் வீட்டில் பாடிப்பார்த்துச் சொல்லெல்லாம் அடங்குகிறதா என்று உறுதி செய்தபிறகு மாற்றுங்கள்.

மைக். நாற்பத்தைந்து பேர் இருக்கிற சின்னக் கட்டடத்தில் மைக்கே தேவையில்லை என்பது என் கட்சி. வைத்தே ஆகவேண்டுமென்றால், ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருப்பதுதான். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் போய், திரும்பவும் ஸ்பீக்கருக்கு வந்து சுற்றுகிறது. ஸ்பீக்கர்களை வாசிப்பு மேசைக்கு முன்னால் கொண்டுவந்து சபையைப் பார்க்க வையுங்கள். வாசிப்பவர் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நிற்கட்டும். தள்ளி நின்றால் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுவார்கள், கூட்டினால் ஊளை. எக்கோ பொத்தானைப் பூஜ்யத்தில் வைத்து, அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சிமெண்டுக் கூரையும் டைல்ஸ் தரையும் தருகிற எதிரொலியே தாராளம்.

சிறுசபை எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு. பாடம் வாசிக்க வாலிபரை நிறுத்தினால் தடுமாறுகிறார்கள், பெரியவர்களுக்குக் கண் தெரியவில்லை. அறிவிப்புகளிலும் மன்றாட்டிலும் கவனிக்கவேண்டியது ஏதாவது உண்டா?

மூன்றாம்பாடம் எழுதியது:

சகோதரரே, வாசிப்பவர் தடுமாறுவது அவர் தவறு அல்ல. ஆராதனை தொடங்கும் நேரத்தில் தோளைத் தட்டி "நீ ரெண்டாம் பாடம் வாசி" என்றால் யாராயிருந்தாலும் தடுமாறுவார்கள். ஆல்மனாக்கை (ஒவ்வொரு ஞாயிறின் பாடங்களும் உள்ள திருச்சபை நாட்காட்டியை) பார்த்து மாத ஆரம்பத்திலேயே பெயர்ப் பட்டியல் போட்டுக் கதவில் ஒட்டுங்கள். வியாழக்கிழமை ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் அதிகாரமும் வசனமும் மட்டுமல்ல, எந்த வார்த்தையில் தொடங்கி எந்த வார்த்தையில் முடிகிறது என்பதும் இருக்கட்டும். வேதாகமத்தில் நாடாச் சீட்டைச் சனிக்கிழமையே வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து வேதாகமம் வாசிப்பு மேசையில் நிரந்தரமாக இருக்கவேண்டும், எல்லாரும் அதிலிருந்தே வாசிக்கவேண்டும். ஒருவர் போனிலிருந்து வேறு மொழிபெயர்ப்பு வாசித்தால் கையில் வேதாகமத்தோடு பின்தொடர்கிறவர்கள் தொலைந்துபோவார்கள். சங்கீதத்தை வசனம் மாற்றி வாசிக்கும்போது இது இன்னும் மோசம்.

பெயர்கள் நிறைந்த பாடங்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பெந்தெகொஸ்தே நாளில் அப்போஸ்தலர் 2:9-11 வரும். பார்த்தர், மேதர், எலாமீத்தர் என்று தொடங்கி கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா வரை ஒரே மூச்சில் வாசிக்கப்போய் சிரிப்பில் முடிவதுண்டு. பெயர்களை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். நிருபங்கள் வேறு மாதிரிச் சிக்கல். பவுலின் வாக்கியம் பழைய திருப்புதலில் நாலைந்து வரி ஓடும், வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாசிப்பவர் முதலில் அந்த வினைச்சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அறிவிப்பில் முக்கியமானது விவாக அறிக்கை, அதாவது நடக்கப்போகும் கல்யாணத்தைச் சபையில் அறிவிப்பது. ஐயர் எழுதிக்கொடுத்த தாளில் உள்ளதை, பெயர், தகப்பன் பெயர், ஊர், எத்தனையாவது முறை என்பதுவரை ஒரு எழுத்து மாறாமல் வாசியுங்கள். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டியதில் ஒன்றை மறந்துவிட்டால் கல்யாணத் தேதிக்கே சிக்கல் வரும், மண்டபம் பேசிய வீட்டார் உங்களைத்தான் தேடிவருவார்கள். வாசித்த தாளில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஐயரிடம் திருப்பிக்கொடுங்கள். யாராவது ஆட்சேபம் சொன்னால் அங்கேயே விசாரிக்கவேண்டாம், எழுதி வாங்கி அன்றைக்கே ஐயருக்குத் தெரிவிப்பது மட்டும் உங்கள் வேலை. மற்ற அறிவிப்புகளைத் தாளில் எழுதிக்கொடுத்தவர்களுக்கு மட்டும் வாசிப்பது என்று வைத்துக்கொண்டால் 4 நிமிடத்தில் முடியும்.

மன்றாட்டில் அக்கறையாகச் செய்யப்போய்க் கேடாகிற இடம், நோயைச் சொல்வது. "இன்னாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி" என்று ஜெபத்தில் ஆண்டவருக்கு விவரம் சொல்லத் தேவையில்லை. அது ஊருக்குச் சொல்லும் விவரம். வீட்டார் சம்மதித்தால் பெயர், அதற்குமேல் "சுகவீனமாயிருக்கிற" என்ற ஒரு சொல் போதும். பிள்ளையில்லாதவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், வரன் அமையாதவர்கள் ஆகியோரைப் பெயர் சொல்லி ஜெபிக்கவே வேண்டாம். திருச்சபை, தேசம், நோயாளிகள், துக்கத்தில் இருப்பவர்கள், வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் என்று ஐந்து விண்ணப்பம் போதும். ஒவ்வொன்றின் முடிவிலும் சபை "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லட்டும். அடுத்த விண்ணப்பத்துக்கு முன் ஐந்தாறு விநாடி மௌனம் விடுங்கள். புதிதாக நடத்துகிறவர்களுக்கு அந்த மௌனம் பயமாயிருக்கும், பேசி நிரப்பிவிடுவார்கள்.

காணிக்கையை நீங்கள் எண்ணாதீர்கள். ஆராதனை நடத்தியவரும் எண்ணுகிறவரும் ஒரே ஆளாக இருப்பது என்றைக்காவது பேச்சாகும். ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர், எல்லாரும் போவதற்கு முன்னால், கோயிலுக்குள்ளேயே மேசையில் கொட்டி எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயரோடு வந்ததை உண்டியல் பணத்தோடு கலக்கக்கூடாது, அதற்குத் தனி ரசீது.

கடைசியாக ஆராதனைப் பதிவேட்டை அங்கேயே நிரப்பிவிடுங்கள்: தேதி, நடத்தியவர், செய்தி கொடுத்தவர், வாசித்த பாடங்கள், ஆண் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை, காணிக்கை. பாடிய பாட்டு எண்களுக்கும் ஒரு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்ட பதிவேட்டில் அது இருக்காது, ஆனால் ஐயர் வரும் முதல் ஞாயிறில் போன வாரம் பாடிய அதே நான்கு பாட்டையும் திரும்பப் பாடவேண்டிய நிலை வராது.